பூனைக்குச் சொறி: ஆறு வார வீட்டுப் பராமரிப்பு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கடலூர் துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். மீன் இறங்கும் இடத்தையே நம்பி வயிறு வளர்க்கும் பூனைகள் அந்த இரண்டு மாதமும் முதுநகர்த் தெருக்களுக்குள் வந்துவிடும். ஒரே தட்டில் நாலு பூனை வாய் வைக்கும், ஒரே கோணியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கும், ஒன்றையொன்று கிழித்துக்கொள்ளும். சொறி பரவ இதைவிட வசதி வேண்டாம்.

அப்படி ஒரு மே மாதத்தில் எங்கள் கொல்லைப்புறத்துக்கு வந்தவன்தான் கருவாடு. பெயருக்கேற்ற உடம்பு. இரண்டு காதோரமும் சிமெண்டு பூசிக் காய்ந்ததுபோல் சாம்பல் நிறப் பொருக்கு. நெற்றித் தோல் தடித்து, மடிப்பு மடிப்பாகச் சுருங்கி, வெற்றிலை பாக்கு இடிக்கும் கிழவனின் முகம். ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார மாட்டான். பின்னங்காலைத் தூக்கிக் காதைப் பிறாண்டுவான், தலையை உதறுவான், திரும்பவும் பிறாண்டுவான்.

நான் முதலில் செய்தது தப்பு. அம்மா சொன்னபடி வேப்பெண்ணெயைச் சூடாக்கி, கற்பூரம் பொடித்துப் போட்டு, காது முழுக்கத் தடவினேன். எனக்கு எட்டு வயதில் சிரங்கு வந்தபோது அதே வைத்தியம்தான் நடந்தது, நான் பிழைத்துவிட்டேன். கருவாடு அரைமணி நேரத்தில் நூல் நூலாக எச்சில் வடித்தான், நடக்கும்போது பின்பாகம் ஒரு பக்கமாகத் தள்ளியது. பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீரால் எண்ணெயைக் கழுவி, துண்டில் சுற்றிக்கொண்டு மருத்துவரிடம் ஓடினேன். அவர் பூனையைப் பார்ப்பதற்கு முன்னால் என் கையை மோந்து பார்த்தார். அன்றைக்கு வாங்கிய திட்டும், அடுத்த ஆறு வாரத்தில் கற்றுக்கொண்டதும்தான் இந்த வழிகாட்டி.

சொறியைக் குணமாக்கும் மருந்து வீட்டில் கிடையாது. அது மருத்துவர் கொடுப்பது, விடுவதற்கு ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் வீணாகாமல் ஆறு வாரம் பார்த்துக்கொள்வதுதான் வீட்டு வேலை.

முதலில், இது சொறிதானா?

பூனைச் சொறிக்குக் காரணம் நோட்டோயீட்ரஸ் கேட்டி என்ற, எட்டுக் கால் உள்ள நுண்பூச்சி. உண்ணியின் தூரத்துச் சொந்தம். அளவு கால் மில்லிமீட்டரைத் தொடாது, வெறும் கண்ணுக்குத் தெரியாது. பெண் பூச்சி தோலுக்குள் சுரங்கம் தோண்டிப் போய் முட்டையிடும். முட்டை சில நாளில் பொரிந்து, குஞ்சு வளர்ந்து, அது முட்டையிடும் வயதுக்கு வர ஏறக்குறைய மூன்று வாரம் பிடிக்கும். இந்த மூன்று வாரக் கணக்கை மனத்தில் வையுங்கள், பின்னால் எல்லாம் அதைச் சுற்றித்தான் வரும்.

இந்தச் சொறி தொடங்கும் இடம் கிட்டத்தட்ட எப்போதும் காது மடலின் விளிம்புதான். அங்கிருந்து நெற்றி, கண் மேல்புறம், கழுத்து என்று இறங்கும். பூனை காலால் முகம் துடைப்பதாலும், சுருண்டு படுப்பதாலும் பாதங்களுக்கும் வாலடிக்கும் போகும். அரிப்பு பேய் அரிப்பு. வெள்ளரி விதை கனத்துக்குப் பொருக்கு ஏறும்.

ஆனால் பூனையின் தோலில் தெரிவதெல்லாம் இதுவல்ல. காதின் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். காப்பித்தூளை ஈரமாக்கி அப்பியதுபோல் கறுப்பாகக் குவிந்திருந்தால் அது காதுப் பூச்சி, ஓட்டோடெக்டிஸ் என்ற வேறு இனம். மடல் விளிம்பு சுத்தமாக இருக்கும், பூனை தலையை மட்டும் உதறிக்கொண்டே இருக்கும். முதுகில் தவிடு கொட்டியதுபோல் பொடுகு இருந்தால், கறுப்புத் துணி ஒன்றை விரித்து அதன்மேல் பூனையைச் சீவுங்கள். விழுந்த பொடுகு நகர்ந்தால் அது செய்லெட்டியெல்லா என்ற இன்னொரு பூச்சி. வட்டம் வட்டமாக முடி உதிர்ந்து, அரிப்பு அவ்வளவாக இல்லாவிட்டால் படர்தாமரையாக இருக்கலாம், அது பூஞ்சை, நமக்கும் ஒட்டும், மருந்து முற்றிலும் வேறு. வாலுக்கு மேலே இடுப்பில் மட்டும் முடி போயிருந்தால் தெள்ளுப்பூச்சிக் கடியைச் சந்தேகியுங்கள்.

வெள்ளைக் காது உள்ள பூனை வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் கடற்கரை வெயிலில் வருடக்கணக்காகப் படுத்துக் கிடக்கும் வெள்ளைப் பூனையின் காது நுனியில் ஆறாத பொருக்கு வந்தால் அது தோல் புற்றாகவும் இருக்கலாம். அரிப்பே இல்லாத, ஒரு காதில் மட்டும் உள்ள புண்ணுக்குச் சொறி மருந்து போட்டு மாதங்களைக் கடத்தாதீர்கள்.

படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்பிக் கேட்பதில் இதெல்லாம் தெரியாது. மருத்துவர் மழுங்கிய பிளேடில் பாரஃபின் எண்ணெய் தொட்டு, பொருக்கின் விளிம்பைச் சுரண்டி, கண்ணாடிச் சில்லில் தேய்த்து நுண்ணோக்கியில் வைப்பார். பூனைச் சொறியில் பூச்சிகள் ஏராளமாக இருக்கும் என்பதால் பெரும்பாலும் முதல் சுரண்டலிலேயே அகப்பட்டுவிடும். கருவாட்டின் சில்லை நானும் எட்டிப் பார்த்தேன். உருண்டையான உடம்பு, அதில் கைரேகை போல வட்ட வட்டக் கோடுகள், ஒட்டவைத்ததுபோல் குட்டைக் கால்கள். அசைந்துகொண்டிருந்தது. அன்று இரவு எனக்குத்தான் உடம்பெல்லாம் அரித்தது.

தடவக் கூடாதவை

இந்தப் பகுதியை மட்டுமாவது முழுக்கப் படியுங்கள். சொறி மெதுவாகத்தான் பூனையை அழிக்கும். சொறிக்கென்று நாம் தடவுவது ஒரே இரவில் அழித்துவிடும்.

காரணம் பூனையின் ஈரல். நாய்க்கும் நமக்கும் ஈரல் சில நச்சுகளை வேறொரு பொருளோடு பிணைத்துச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். அந்த வேலையைச் செய்யும் நொதி பூனைக்கு மிகக் குறைவு. போதாததற்கு, உடம்பில் எதைத் தடவினாலும் பூனை நக்கிச் சுத்தம் செய்யும். பூனைக்குத் தடவுவதும் வாயில் ஊட்டுவதும் ஒன்றுதான்.

வேப்பெண்ணெயும் கற்பூரமும் என் கதையிலேயே வந்துவிட்டன. டீ ட்ரீ எண்ணெய், யூகலிப்டஸ் தைலம், மண்ணெண்ணெய் இவையும் அதே பட்டியல்தான். மனிதச் சிரங்குக்கு மருந்துக்கடையில் விற்கும் பென்சைல் பென்சோயேட் லோஷன் பூனைக்கு விஷம். பெர்மெத்ரின் களிம்பும் அப்படியே. அது மனிதக் குழந்தைக்குக்கூடத் தடவுவதாயிற்றே என்று நினைக்கத் தோன்றும், பூனைக்கு அது நரம்பைத் தாக்கும், தசை துடித்து வலிப்பு வரும். நாய்க்கு முதுகில் விடும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் இந்த பெர்மெத்ரின் செறிவாக இருக்கிறது. ‘நாய், பூனை இரண்டும் ஒன்றுதான், பாதி விடுங்கள்’ என்று ஒரு கடைக்காரர் என்னிடமே சொன்னார். ஒன்றல்ல, பாதியும் கூடாது. நாய்ச் சொறிக்குக் குளிப்பாட்டும் அமிட்ராஸ் கரைசலும் பூனைக்கு வேண்டாம்.

அடுத்து கிருமிநாசினி. தண்ணீரில் விட்டால் வெள்ளையாகக் கலங்கும் வகையறாக்கள் பெரும்பாலும் பீனால் குடும்பம். அதில் பூனையைத் துடைப்பதும் தவறு, அது நடக்கும் தரையைத் துடைப்பதும் தவறு. பாதத்தில் ஒட்டுவதை நக்கும். வீட்டு பினாயிலுக்கும் இது பொருந்தும், ஆறு வாரத்துக்குச் சோப்புத் தண்ணீரால் தரை துடைத்தால் வீடு ஒன்றும் கெட்டுவிடாது.

இன்னொரு வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி மருந்தை எங்கிருந்தாவது வாங்கிவந்து ‘கொஞ்சம்’ கொடுப்பது. ஐவர்மெக்டின் பூனைச் சொறிக்கு மருத்துவர்கள் பயன்படுத்தும் மருந்துதான். ஆனால் மாட்டுக் குப்பியில் 1 மில்லியில் 10 மில்லிகிராம் இருக்கிறது. 3 கிலோ பூனைக்கு மருத்துவர் சிரிஞ்சில் எடுப்பது 1 மில்லியில் பத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. நம் கைக்கும் கண்ணுக்கும் அந்த அளவு பிடிபடாது. கூடிப்போனால் கண்மணி விரிந்து, பார்வை மங்கி, தள்ளாடி, மயக்கத்துக்குப் போய்விடும். குட்டிகளுக்கு இன்னும் ஆபத்து.

அரிப்பால் துடிக்கிறதே என்று பாரசிட்டமால் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும்.

தேங்காயெண்ணெய்? பலரும் கேட்பது. அது கொல்லாது, பூச்சியையும் கொல்லாது. பொருக்கு மிருதுவாகும், அவ்வளவுதான். நக்கி நக்கி வயிறு போகும். எண்ணெய்ப் பிசுக்கில் தூசியும் மண்ணும் அப்பி, மருத்துவர் சுரண்டிப் பார்ப்பதற்கும் இடைஞ்சல். மஞ்சளும் அப்படித்தான், பூனை மஞ்சளாகும், சொறி அப்படியே இருக்கும்.

ஏற்கெனவே எதையாவது தடவியிருந்தால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திர சோப்பும் கொண்டு கழுவி, ஈரத்தைத் துடைத்து, குளிராமல் போர்த்தித் தூக்கிப் போங்கள். வாந்தியெடுக்க வைக்க முயலாதீர்கள்.

தூக்கிப் போவதும் எடை போடுவதும்

ஊர்ப்பேச்சில் மாட்டாஸ்பத்திரி என்றாலும் அரசு கால்நடை மருத்துவமனையில் பூனையையும் பார்ப்பார்கள். காலையில் போவது நல்லது. புதுச்சேரிப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. சுரண்டல் சோதனைக்கு நுண்ணோக்கி உள்ள இடமாகப் பார்த்துப் போவதுதான் முக்கியம்.

பூனைப்பெட்டி இல்லாவிட்டால் கவலை வேண்டாம். ஒரே அளவு பிளாஸ்டிக் காய்கறிக் கூடை இரண்டை எடுத்து, ஒன்றில் பழைய கைலியை விரித்துப் பூனையை விட்டு, மற்றதை மேலே கவிழ்த்து, நாலு மூலையிலும் கயிற்றால் கட்டுங்கள். காற்று வரும், நகம் வெளியே வரும், பூனை வராது. மேலே ஒரு துணி போர்த்தினால் பஸ்ஸில் கத்துவது பாதியாகும். திரும்பி வந்ததும் கைலியை நேராகக் கொதிநீருக்கு அனுப்பிவிடுங்கள்.

போவதற்கு முன் எடை பாருங்கள். குளியலறை எடை மெஷினில் நாம் ஏறி, பூனையோடு ஏறி, கழித்துப் பார்க்கும் கணக்கு இரண்டு கிலோப் பூனைக்குச் சரிவராது, மெஷினின் பிழையே அரைக்கிலோ இருக்கும். நான் தெருமுனை மீன்கார அம்மாவின் எலெக்ட்ரானிக் தராசுக்குப் போனேன். ‘என்ன தம்பி, தடைக்காலத்தில் எனக்கு மீன் இல்லையென்று நீ பூனையைக் கொண்டுவந்திருக்கிறாயா?’ என்று கேட்டுவிட்டு, கூடையின் எடையைத் தனியாகப் போட்டுக் கழித்துக்கொடுத்தார். 2 கிலோ 350 கிராம். நான் கண்ணளவில் மூன்று கிலோ என்று நினைத்திருந்தேன்.

அந்த வித்தியாசம் சின்னதல்ல. பூனைச் சொறிக்கு அதிகம் எழுதப்படும் செலமெக்டின் சொட்டு மருந்தில் 2.5 கிலோ வரை 15 மில்லிகிராம் குப்பி, அதற்கு மேல் 7.5 கிலோ வரை 45 மில்லிகிராம் குப்பி என்று ஒரு வகை உண்டு. என் கண்ணளவை நம்பியிருந்தால் கருவாட்டுக்கு மும்மடங்கு மருந்து வாங்கியிருப்பேன். எடை, தோராயமான வயது, பெண்ணாக இருந்தால் சினையா, பால் கொடுக்கிறதா, வீட்டில் வேறு என்னென்ன பிராணிகள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டிக்கும் சினைப் பூனைக்கும் மருத்துவர் வேறு வழி தேர்ந்தெடுக்கலாம். சுண்ணாம்பு, கந்தகக் கரைசலில் முக்கியெடுக்கும் பழைய முறையை இன்றும் சிலர் அவற்றுக்குச் சொல்வதுண்டு. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மருந்து விடும் நாள்

செலமெக்டின், மோக்சிடெக்டின், ஃப்ளூரலேனர் இப்படி எதை எழுதியிருந்தாலும் சொட்டு மருந்து விடும் முறை ஒன்றே. முந்திய இரண்டு நாளும் பிந்திய இரண்டு நாளும் பூனையை நனைக்காதீர்கள். பூனை சாப்பிட்டுத் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் நேரம் பாருங்கள். ஓடும் பூனையானால் ஒருவர் பெரிய துண்டில் கழுத்துக்குக் கீழே சப்பாத்தி சுருட்டுவதுபோல் சுற்றிப் பிடிக்கட்டும்.

தலை முடிந்து கழுத்து தொடங்கும் இடம், பிடரி. நாக்கு எட்டாத இடம் அது. அங்கே முடியை இரண்டு பக்கமும் விலக்கினால் தோல் தெரியும். குப்பியின் மூக்கைத் தோலில் வைத்து அழுத்த வேண்டும். முடிமேல் விட்டால் முடிதான் நனையும், மருந்து உள்ளே போகாது. அந்த இடத்தில் புண் இருந்தால் சற்றுத் தள்ளிப் புண்ணில்லாத தோலில் விடுங்கள். தேய்க்க வேண்டாம். உலரும்வரை குழந்தைகளைத் தொடவிடாதீர்கள், இன்னொரு பூனை இருந்தால் நக்காதபடி அன்று இரவு தனி அறை. நக்கிவிட்டால் கசப்பில் கொஞ்ச நேரம் எச்சில் வடியும், தண்ணீர் வையுங்கள், அரைமணியில் அடங்காவிட்டால் மருத்துவரை அழையுங்கள்.

அடுத்த தவணை எப்போது என்று அங்கேயே கேட்டு நாள்காட்டித் தாளில் வட்டம் போடுங்கள். மருந்தைப் பொறுத்து இரண்டு வாரம், நான்கு வாரம் அல்லது அதற்கும் மேல் ஆகலாம். முதல் தவணை பூச்சியைக் கொல்லும், முட்டையை முழுதாகக் கொல்லும் என்று நம்ப முடியாது. மூன்று வாரக் கணக்கு இங்கேதான் வருகிறது. பத்துப் பதினைந்து நாளில் அரிப்பு இறங்கிவிடும், ‘நன்றாகிவிட்டதே, எதற்கு வீண் செலவு’ என்று இரண்டாம் தவணையை விட்டுவிடுவார்கள். அடுத்த மாதம் காதோரம் மறுபடி சிமெண்டு பூசியிருக்கும்.

வீட்டில் உள்ள எல்லாப் பூனைக்கும், அரிப்பு இல்லாவிட்டாலும், அதே நாளில் மருந்து விட வேண்டும். இதில் கஞ்சத்தனம் பார்த்தால் ஒன்றிடமிருந்து ஒன்றுக்குப் பந்து போல மாறிக்கொண்டே இருக்கும்.

பொருக்கும் நகமும் கழுத்துப் பட்டையும்

பொருக்கைப் பிய்க்காதீர்கள். கை பரபரக்கும், எனக்கும் பரபரத்தது. பிய்த்தால் அடியில் ரத்தம் கசிந்து சீழ் பிடிக்கும். மருந்து விட்டு இரண்டு நாள் கழிந்தபின், அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, தட்டையாக ஒரு தேக்கரண்டி உப்பைக் கரையுங்கள். வெதுவெதுப்பாக இருக்கும்போது பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, காதோரத்தில் மூன்று நான்கு நிமிடம் ஒற்றடம் போல வைத்திருங்கள். ஊறி நெகிழ்ந்தது தானாகத் துணியோடு வரும். வராததை நாளைக்கு விடுங்கள். காதுத் துளைக்குள் தண்ணீர் போகக் கூடாது, காதுக்குடையும் பஞ்சுக் குச்சியை எடுக்கவே வேண்டாம். துணியை ஒருமுறைக்குமேல் பயன்படுத்தாமல் எறிந்துவிடுங்கள்.

ஆறாம் நாள் கருவாட்டின் இடது காதிலிருந்து ஒரு பொருக்கு முழுசாகக் கழன்று என் உள்ளங்கையில் விழுந்தது. காது விளிம்பின் வளைவு அச்சு மாறாமல் அதில் பதிந்திருந்தது. அடியில் இருந்த தோல் குழந்தையின் உதடு போல இளஞ்சிவப்பு. அதுவரை கையைக் கண்டால் பதுங்குபவன், அன்று அந்தக் காதை என் கட்டைவிரலில் வைத்து அழுத்தித் தேய்த்துக்கொண்டான்.

நகத்தை வெட்டினால் சேதம் பாதி குறையும். பாதத்தை மெல்ல அழுத்தினால் நகம் வெளியே வரும். வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக ரத்தக்குழாய் தெரியும். அதைத் தொடாமல் நுனிக் கொக்கியை மட்டும் எடுங்கள். ஒரே நாளில் எல்லா நகமும் வெட்டியாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

கழுத்துப் பட்டை, அதாவது கூம்பு, கடையில் கிடைக்கும். பழைய எக்ஸ்ரே தாளிலும் செய்யலாம். விளிம்பு முழுக்கத் துணிப் பிளாஸ்திரி ஒட்டி, கழுத்துக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரல் போகும்படி விட்டுக் கட்டுங்கள். சாப்பிட முடிகிறதா, தண்ணீர் எட்டுகிறதா என்று பக்கத்திலிருந்து பாருங்கள். முடியாவிட்டால் சாப்பாட்டு நேரத்தில் கழற்றுங்கள். ரத்தம் வருமளவு பிறாண்டாத பூனைக்குப் பட்டையே வேண்டாம்.

துணி, தரை, வெயில்

இந்தப் பூச்சி பூனையின் உடம்பை விட்டு வெளியே அதிக நாள் வாழாது, சில நாள்தான். குளிர்ந்த, ஈரமான இடத்தில் கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். அதனால் வீட்டையே கழுவிக் கவிழ்க்க வேண்டியதில்லை. பூனை படுக்கும் நாலைந்து இடத்தைப் பிடித்தால் போதும்.

படுக்கைத் துணியை மூன்று நாளுக்கு ஒருமுறை கொதிநீரில் கால்மணி நேரம் ஊறவைத்துத் துவைத்து, மொட்டை மாடியில் காயப்போடுங்கள். கத்திரி வெயிலில் அது பெரிய காரியமில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான் சிக்கல், கடலூரில் அப்போது ஒரு துண்டு காய மூன்று நாள் ஆகும். துவைத்த துணியை இஸ்திரிப் பெட்டியால் இரண்டு பக்கமும் அழுத்தித் தேய்த்துவிடுங்கள். அதனால்தான் மெத்தை, தலையணை வேண்டாம் என்கிறேன். பழைய பனியன், கைலி, செய்தித்தாள். இவை தூக்கியெறியக்கூடியவை. அட்டைப்பெட்டியை வாரம் ஒன்று மாற்றுங்கள். துவைக்க முடியாத மெத்தை உறையோ பொம்மையோ இருந்தால் பாலிதீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டி இரண்டு வாரம் ஓரமாக வையுங்கள். சீப்பைக் கொதிநீரில் போடுங்கள்.

அறைக்குள் பூச்சிமருந்து அடிக்கத் தோன்றும். அடிக்காதீர்கள், கரப்பானுக்கு அடிக்கும் பலவற்றிலும் இருப்பது பெர்மெத்ரினின் உறவுகள்தான்.

சாப்பாடு

அரிப்பில் தூக்கம் கெட்டு இளைத்த பூனைக்குச் சதை ஏற வேண்டும். மத்தி மீனோ கவலை மீனோ கிடைத்தால் உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாமல் வேகவைத்து முள்ளை எடுத்துக் கொடுங்கள். குழம்பில் கிடந்த மீனைக் கழுவிக் கொடுப்பது வேண்டாம், வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். பச்சை மீனை மட்டுமே போட்டு வளர்ப்பதும் சரியல்ல, சில மீன்களில் உள்ள நொதி பி1 வைட்டமினை அழித்துவிடும். மீனோடு கோழி ஈரல் ஒரு துண்டு, அவித்த முட்டை, முடிந்தால் பூனைத் தீனி என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். பால் தேவையில்லை.

நமக்கு ஒட்டுமா?

ஒட்டும், தங்காது. பூனையைத் தூக்கும் முன்கையிலும், மடியில் வைக்கும் வயிற்றிலும் தொடையிலும் சிவப்புப் புள்ளிகள் வந்து அரிக்கும். இந்தப் பூச்சி மனிதத் தோலில் பெருகாது என்பதால், பூனைக்கு மருந்து விட்டபின் சில வாரத்தில் தானாக அடங்கும். அடங்காவிட்டால் தோல் மருத்துவரிடம் போய், வீட்டில் பூனைக்குச் சொறி என்பதையும் சொல்லுங்கள். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும், ஆறு வாரம் படுக்கையில் சேர்க்காததும் போதும்.

சொறியைவிடப் பெரிய விஷயம் ஒன்று. அரிப்பில் எரிச்சலாக இருக்கும் தெருப்பூனை கடிக்கும், பிறாண்டும். ரத்தம் வந்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். பூனையிடமிருந்தும் ரேபிஸ் வரும். தடுப்பூசி அங்கே இலவசம்.

வாரக் கணக்கு

முதல் நாலைந்து நாள் பெரிய மாற்றம் தெரியாது, பயந்து இரண்டாவது குப்பியை விட்டுவிடாதீர்கள். ஒன்றிரண்டு வாரத்தில் அரிப்பு இறங்கும், பொருக்கு உதிரத் தொடங்கும். பூனை நீட்டிப் படுத்துத் தூங்குவதுதான் முதல் நல்ல அறிகுறி, தோலைப் பார்ப்பதைவிட அதைப் பாருங்கள். மூன்றாம் வாரத்துக்குமேல் பஞ்சு போல முடி முளைக்கும். ஆறாம் வாரம் மறுபடி மருத்துவரிடம் காட்டுங்கள், தேவைப்பட்டால் மறுபடி சுரண்டிப் பார்ப்பார். வாரத்துக்கு ஒருமுறை ஒரே இடத்தில், ஒரே கோணத்தில் காதைப் படம் எடுத்து வைத்தால் அவருக்கும் உதவும். ஞாபகத்தை நம்பினால் நேற்றைவிட மோசம் என்றுதான் தினமும் தோன்றும்.

இடையில் இவற்றில் எதைக் கண்டாலும் காத்திருக்காதீர்கள்: ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருப்பது (இரண்டு நாள் பட்டினி பூனையின் ஈரலையே கெடுத்துவிடும்), பொருக்கு ஏறிக் கண் மூடிக்கொள்வது, தோலில் சீழ் நாற்றம், நடுக்கம், தள்ளாட்டம், வாயைத் திறந்து மூச்சு விடுவது, குட்டி துவண்டு உடம்பு சில்லென்று ஆவது.

மதில்மேல் இருப்பவை

கருவாடு ஒருவனைக் குணமாக்கி என்ன, மதில்மேல் இன்னும் மூன்று இருந்தன. ஒரே நேரம், ஒரே இடம் என்று பழக்கி, ஆளுக்கொரு தட்டாகத் தள்ளித் தள்ளி வைத்தேன். பத்து நாளில் தலை தூக்காமல் சாப்பிடப் பழகின. அவற்றின் படத்தையும் ஏறத்தாழ எடையையும் காட்டி மருத்துவர் தேர்ந்தெடுத்த குப்பிகளை வாங்கிவந்து, மத்தி மீனில் முகம் புதைந்திருக்கும் நேரம் பின்னாலிருந்து பிடரியில் விட்டேன். இரண்டு பூனைக்கு முடிந்தது. மூன்றாவது, வால் அறுந்த கிழட்டுக் கடுவன், குப்பியின் மூடி திறக்கும் சத்தத்துக்கே கூரை ஏறிவிட்டது. அதற்குச் சாப்பாட்டில் வைத்துக் கொடுக்கும் மருந்து வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டேன், அளவு போட்டுக்கொடுத்தார், மீன் துண்டுக்குள் வைத்தேன். மீனைச் சுற்றிலும் தின்றுவிட்டு மருந்தை மட்டும் தட்டில் வைத்துவிட்டுப் போனது. ஈரலில் பொதிந்து வைத்தபோதுதான் ஏமாந்தது.

ஜூன் 15 காலை படகுகள் கடலுக்குப் போய்விட்டன. இரண்டு நாள் கழித்துக் கருவாட்டைக் கூடையில் வைத்து அதே தராசுக்குத் தூக்கிப் போனேன். 2 கிலோ 900. மீன்கார அம்மா காதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, தராசில் இருந்தவனிடமே ஒரு கவலை மீனை நீட்டினார். முள்ளோடு வேண்டாம் என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் வால் மட்டும்தான் வெளியே தெரிந்தது.